ஒன்னோவுக்குக் கட்டிய வளையம்

லோகர்ஸீல்
நவம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

ரோஸ்விதா எழுதுகிறேன். உங்கள் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, கோல் இல்லாமல் நடக்கிறீர்களா என்று உங்கள் தங்கையிடம் தொலைபேசியில் கேட்டால் "இருக்கா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். உங்களைக் கூப்பிடச் சொன்னால் தூங்குகிறீர்களாம். காலையிலும் தூக்கம், சாயங்காலமும் தூக்கம். சரி, நன்றாகத் தூங்குங்கள். கடிதத்தைத் தூங்கிக்கொண்டே கிழித்துப் போட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பால் லாரி ஓட்டும் வில்கோவை உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை ஒன்னோ உயிரோடு இருந்தபோதே நம் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும் வாரத்தில் அவர் இந்த வீட்டுக்கே வந்துவிடுகிறார். வசந்தத்தில் கல்யாணம். ஹில்கே வாயிலிருந்து கேட்பதற்குள் என் வாயிலிருந்து நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பிந்திவிட்டேனோ என்னவோ. எதிர் வீட்டில் இருந்துகொண்டு நம் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று எண்ணுகிறவர் அவர்.

செப்டம்பரில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனபோது, "நடக்க ஆரம்பிச்சதும் வந்துடுவேன், என் கட்டிலை நகத்தாதே" என்று சொல்லித்தான் போனீர்கள். நகர்த்தவில்லை. வாரம் ஒருமுறை உங்கள் அறைக் கணப்பை மூட்டுகிறேன், சுவர் ஈரம் பிடிக்கக்கூடாது என்று.

எனக்கு அம்மா இல்லை. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து உங்களோடுதான் ஒரே அடுப்பில் சமைத்தேன், சண்டை போட்டேன், ஜனவரியில் ஒன்னோ இறந்த பிறகு ஒரே மேசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீங்கள் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். வில்கோ இருக்கிறார் என்று தெரிந்தே வர வேண்டும். ஒளித்து வைத்து உங்களை வரவழைக்க எனக்கு இஷ்டமில்லை.

"சரி" என்று எழுதக் கை வராவிட்டால் எழுதவே வேண்டாம். எப்படியாவது தெரியப்படுத்துங்கள். நான் புரிந்துகொள்வேன்.

உங்கள்
ரோஸ்விதா


லோகர்ஸீல்
நவம்பர் 20

அன்பு அத்தை,

உங்கள் பதில் வந்துவிட்டது! பெட்டியைப் பிரித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை நீங்கள். எழுத வேண்டாம் என்று நான்தானே சொன்னேன். வாசற்கதவுக்குக் கிறிஸ்துமஸ் வளையம் கட்டி அனுப்பினால் அதுவே 'சரி'தானே. காகிதங்களுக்கு நடுவே தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு அந்த வளையத்தையே முகத்தில் வைத்துக்கொண்டேன். பிசின் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

உங்கள் கை என்று யாரும் சொல்லவே வேண்டாம். விரல் நீளத்துக்கு நறுக்கிய ஃபிர் மரக் கொத்துகள், ஒன்றின் கம்பியை அடுத்தது மூடி, எங்கேயும் கம்பி தெரியாமல் இறுகக் கட்டியிருக்கிறீர்கள். பச்சையும் நரைத்த பாசியும் பைன் காய்களும் தவிர ஒன்றுமில்லை. சிவப்பு ரிப்பனோ மணியோ கிடையாது. அதுவும் நீங்கள்தான். மினுக்குகிறதெல்லாம் கடைக்காரன் புத்தி என்பீர்களே. எடைதான் கொஞ்சம் அதிகம், ஆனால் பின்புறம் தட்டையாக இருப்பதால் பலகையோடு பலகையாக ஒட்டி உட்கார்ந்துகொண்டது. உடனே வாசற்கதவில் மாட்டிவிட்டேன். தெரு முனையிலிருந்தே தெரிகிறது.

வில்கோவிடம் சொன்னேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "உன் அத்தை பெரிய மனுஷிதான். நானா இருந்தா இதைச் செஞ்சிருக்க மாட்டேன்" என்றார்.

ஊரும் இளகிவிட்டது அத்தை. நேற்றுவரை என்னைக் கண்டால் திரைச்சீலையை இழுத்துவிட்ட ஹில்கே, தானாகத் தெருவைத் தாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. "தைரியமா இரு ரோஸ்விதா. எப்ப வெச்சிருக்கீங்க?" என்றார். "முதல் வாரத்துல, சனிக்கிழமை" என்றேன், வில்கோ சாமான்களோடு வருவதைத்தான் கேட்கிறார் என்று. "அவ்வளவு நாளா? அதுவரைக்கும் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வயதிலும் இப்படி அவசரப்படுகிறாரே என்று.

எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வில்கோ காரோடு வந்து நிற்பார்.

அன்பு முத்தங்களுடன்
ரோஸ்விதா


ஓல்டன்பர்க்
நவம்பர் 25

ரோஸ்விதாவுக்கு,

அதை உடனே கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே. போய்க் கழற்றிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

சனிக்கிழமை இங்கே தொலைபேசி மணி அடித்தது. தங்கை கடைக்குப் போயிருந்தாள், நானே எடுத்தேன். ஹில்கே. "உங்க அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம். அடக்கம் சனிக்கிழமைன்னு மருமக சொன்னா, எத்தனை மணிக்கு?" என்றாள். நான், "ஹில்கே, ஃபென்னாதான் பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கம் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப செத்தது யாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு வீட்டுக் கதவில் கல்லறை வளையம் தொங்கினால் ஊர் வேறென்ன கேட்கும்?

ஆமாம், கல்லறை வளையம். கதவுக்குக் கட்டுகிற வளையம் சுற்றிலும் உருண்டு இருக்கும், லேசாக இருக்கும், சிவப்பு இருக்கும். கல்லறைக்குக் கட்டுவது படுக்க வேண்டியது. அதனால்தான் முதுகு தட்டை. கடற்காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்கத்தான் அந்தக் கனம். "பலகையோடு பலகையாக ஒட்டி உட்கார்ந்துகொண்டது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்து என் தங்கை வெளியே போய்விட்டாள். அழவா சிரிக்கவா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன நாள் என்று தெரியுமா உனக்கு? மரித்தோர் ஞாயிறு. திருவருகைக்கு முந்தைய ஞாயிறு. எங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் எல்லாக் கல்லறையையும் ஃபிர் கிளையால் போர்த்தி, மேலே வளையம் வைத்து, குளிர்காலத்துக்குத் தூங்கவைக்கும் நாள். அது முடியும்வரை எந்த வீட்டுக் கதவிலும் ஒரு பச்சை இலை ஏறாது. வருஷத்தில் இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள். பெயரைக் கேட்டதும் வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். போதகர் ஒன்னோவின் பெயரை வாசித்தாராம். யாரும் எழுந்திருக்கவில்லையாம். நீ எங்கேயாவது பின்வரிசையில் இருக்கிறாயோ என்று அவர் மறுபடியும் வாசித்தாராம். என் மகனின் பெயரை இரண்டு முறை வாசித்தும் அந்தக் கோயிலில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

இடுப்பில் இரும்பை வைத்துக்கொண்டு நான் பேருந்து ஏற முடியாது என்றுதான் அந்தப் பெட்டியை உனக்கு அனுப்பினேன். கல்லறைத் தோட்டம் முழுக்கப் பச்சைப் போர்வை, நடுவே என் பிள்ளை மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தானாம். கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எய்லர்ட் சொன்னார். அவனுக்கென்று நான் கட்டியதை, இன்னொருவனை வரவேற்கக் கதவில் மாட்டியிருக்கிறாய். அவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தானாம்! நல்ல மரியாதைதான்.

ஃபென்னா


லோகர்ஸீல்
நவம்பர் 30

அத்தைக்கு,

கழற்றிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே, மழையில், அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒன்னோவுக்கு வைத்தேன். கிளைகள் வாங்கிப் போர்த்தியும் விட்டேன். எய்லர்ட் வேலிப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரு வாரம் லேட்டும்மா" என்றார். "அவர் எங்கேயும் போயிடலையே" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன்.

நான் கூசிப்போனேன், அது உண்மை. ஹில்கேயின் முகத்தைப் பார்க்க முடியாமல் கொல்லைப்புற வழியாகப் போய்வருகிறேன். ஒன்னோவின் பெயரை இரண்டு முறை வாசித்தார்கள் என்று நீங்கள் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது வேறு. இப்போது நான் கேட்கப்போவது வேறு.

நான் மோசல் ஆற்றங்கரைக் கத்தோலிக்கப் பெண் என்று உங்களுக்குத் தெரியாதா? எங்களுக்குக் கல்லறைத் திருநாள் நவம்பர் தொடக்கத்தில். அன்றைக்கு நான் செவ்வந்திப் பூவும் சிவப்பு விளக்கும் கொண்டுபோய் வைத்து, பனியில் தனியாக நின்று செபம் சொன்னேன். உங்களவர்கள் வேலி ஓரமாக நடந்துபோனார்கள். ஒருத்தி "பாரு, ரயிலுக்கு சிக்னல் வெச்சிருக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் அந்த விளக்கை யாரோ எடுத்துப் புதருக்குள் போட்டிருந்தார்கள். அப்போது ஒன்னோவுக்காக நீங்கள் யாரும் எழுந்து நிற்கவில்லையே.

மரித்தோர் ஞாயிறு வந்தால் உங்கள் வீட்டுக்காரர் கல்லறைக்கு நீங்களும் ஒன்னோவும் போவீர்கள். என்னிடம், "நீ இருந்து உருளைக்கிழங்கைப் பாத்துக்க" என்பீர்கள். கூடவே வருகிறேன் என்றால், "இது எங்க வழக்கம்" என்பீர்கள். வளையம் கட்ட உட்காரும்போது நானும் ஒரு கொத்தை எடுத்தால் கையிலிருந்து பிடுங்கி, "உன் கைக்கு வராது, கம்பி வீணாகும்" என்பீர்கள். எதையும் தொடவிடாமல் வைத்திருந்துவிட்டு, இப்போது ஏன் தெரியவில்லை என்று கேட்டால் எப்படி?

இன்னொன்றும் கேட்கிறேன். கல்லறைக்கென்றால் பெட்டியை எய்லர்ட் பெயருக்கு அனுப்பியிருக்கலாமே. உங்கள் வீட்டுக்காரர் காலத்திலிருந்து தெரிந்தவர்தானே. ஏன் என் பெயருக்கு, ஒரு வார்த்தையும் இல்லாமல்? நான் என்ன கேட்டு எழுதியிருந்தேன் என்று தெரியும். எப்படியாவது தெரியப்படுத்துங்கள் என்றிருந்தேன். அதற்குப் பதிலாக ஒரு கல்லறை வளையம். மறந்துபோய் நடந்ததா, வேண்டுமென்றே நடந்ததா? வேண்டுமென்றே என்றால், அதை எனக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

என் கதவு இப்போது வெறுமையாக இருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டுக் கதவு மட்டும்தான் அப்படி. உங்கள் உதவி இல்லாமல் நானே ஒன்று கட்டப்போகிறேன்.

ரோஸ்விதா


ஓல்டன்பர்க்
டிசம்பர் 6

ரோஸ்விதாவுக்கு,

நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன்.

வேண்டுமென்றுதான் உன் பெயருக்கு அனுப்பினேன். எய்லர்ட் வைத்துவிட்டுப் போவதற்கா நான் இடுப்பு வலியோடு தங்கை வீட்டுத் துணி துவைக்கும் அறையில் முக்காலியில் உட்கார்ந்து கட்டினேன்? நீ சுமந்துகொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தெருவில் நடக்கும்போது, கறுப்பு உடையில் அதை உன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நம் வாசலிலிருந்து கோயில்வரை. அந்தப் பால்காரன் லாரிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நீ யாருடைய பெண்டாட்டி என்று. அவ்வளவு கனமாகக் கட்டியதும் அதற்குத்தான். கை வலித்தால் ஞாபகம் இருக்கும். இது பாவம் என்றால் பாவம்தான். எங்கள் போதகரிடம் சொல்லிக்கொள்கிறேன், உன்னிடம் இல்லை.

உன் கடிதத்துக்குப் பதிலாக அது வரவில்லை. உன் கடிதத்துக்கு என்னிடம் பதிலே இல்லை. இதை உடைத்துச் சொல்லாமல் விட்டது என் பிசகு. ஆனால் தரையில் உட்கார்ந்து முகத்தில் வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்கு உன்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். அதனால்தான் அவ்வளவு காட்டமாக எழுதினேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எனக்கு அவன்மேல் ஒன்றுமில்லை. வில்கோ நல்லவன்தான், பால் கேனை வைக்கும்போது சத்தம்கூடப் போடமாட்டான். உன்னைச் சாகும்வரை விதவையாக இரு என்று நான் சொல்லவில்லை. நீ சின்னப் பெண். நான் எதிர்பார்த்தது ஒரு வருஷம். ஜனவரி வந்தால் ஒன்னோ போய் வருஷம் முடிகிறது. அதுவரை பொறுக்கக் கூடாதா? என் வீட்டுக்காரர் போனபோது நான் மூன்று வருஷம் கறுப்பைக் கழற்றவில்லை. நீ ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒன்னோ படுத்திருந்த பக்கம் மெத்தையில் பள்ளம்கூடச் சமமாகியிருக்காதே.

நீயே கட்டப்போகிறாயாம். கட்டு. ஸ்ப்ரூஸ் கிளையில் கட்டாதே, அது மலிவாகக் கிடைக்கும், பார்க்க ஃபிர்போலவே இருக்கும், கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஊசி இலை அத்தனையும் வாசலில் கொட்டிவிட்டு எலும்பாகத் தொங்கும். ஃபிர்தான் நிற்கும். கம்பியை நடுவில் வெட்டாதே. கடைசிக் கொத்து முதல் கொத்தின் தலைக்கு அடியில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் எங்கே தொடங்கினாய் என்று எல்லோருக்கும் தெரியும். கையில் பிசின் ஒட்டினால் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்காதே, வெண்ணெய் தடவு.

ஊரார் என் மருமகள் கட்டியதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஃபென்னா


லோகர்ஸீல்
டிசம்பர் 14

அத்தைக்கு,

சுமக்க வைக்க வேண்டும் என்று கட்டினீர்கள். சுமந்தேனே! வெறும் தெருவில், மழையில், யாரும் பார்க்காதபோது. ஊர் பார்க்கச் சுமந்திருந்தால் உங்களுக்கு ஆறியிருக்கும். ஒன்னோவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏன் ஒரு வருஷம் பொறுக்கவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் இருந்தவரை பொறுத்தேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து கரண்டியைத் தட்டில் உரசும் சத்தமாவது இருந்தது. செப்டம்பரில் நீங்கள் போனீர்கள். அதற்குப் பிறகு ஒருநாள் கடையில் ரொட்டி கேட்க வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, கரகரவென்று ஏதோ வந்தது. எத்தனை நாளாக யாரிடமும் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு வில்கோ பால் வைக்க வந்தபோது "தேநீர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான், அவர் இல்லை. ஊரில் மாற்றிச் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

மூன்று வருஷம் கறுப்பு உடுத்தினீர்கள். உங்கள் பக்கத்தில் ஒன்னோ இருந்தார். என் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

வளையம் கட்டிவிட்டேன். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, வில்கோ நறுக்க, நான் கட்ட. அவர் முதலில் ஒரு சாக்கு நிறைய ஸ்ப்ரூஸ் கொண்டுவந்தார், பெருமையோடு. உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். "உன் அத்தை ஓல்டன்பர்க்ல இருந்துக்கிட்டே என் சாக்கைத் தூக்கி வெளிய போட்டுட்டாங்களே!" என்று திரும்பப் போய் ஃபிர் வாங்கி வந்தார். முதல்முறை கட்டியது கன்றுக்குட்டிக் கழுத்துப் பட்டைபோல ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் இளைத்துப்போனது. பிரித்தேன். இரண்டாவது முறை கம்பியை நடுவில் வெட்டிவிட்டேன், ஏன் வெட்டக் கூடாது என்று அப்போது புரிந்தது. மூன்றாவதுதான் நின்றது. அணைக்கரையில் காட்டு ரோஜாப் பழங்களைப் பறித்து வந்து செருகினேன், சிவப்பாக. உருண்டையாக, லேசாக இருக்கிறது. கதவுக்கானது என்று குருடனுக்கும் தெரியும். வெண்ணெய்தான் பிசினை எடுத்தது.

கட்டும்போது ஒன்னோவை நினைக்கவில்லை. பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கட்டி முடித்து மாட்டிவிட்டு, தெருவுக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் இரண்டாம் நாள், இருபத்தாறாம் தேதி மதியம் சுருள் அப்பம் சுடுவோம், நீங்கள் சொல்லிக் கொடுத்த அளவில்தான். வில்கோ வந்து அழைத்து வருவார் என்றால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. பேருந்து இருக்கிறது, நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். கதவைத் தட்டினால் போதும். நான் மூன்றாவது முறை கேட்கமாட்டேன்.

ரோஸ்விதா


லோகர்ஸீல்
டிசம்பர் 28

அத்தை,

நீங்கள் வந்தீர்கள். வரவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், நான் பார்த்தேன்.

வாசலைப் பார்த்திருக்கும் சமையலறை ஜன்னலில் முதலில் உங்கள் பச்சைத் தொப்பி தெரிந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நடைக்கு ஓடினேன். கதவின் பக்கத்திலிருக்கும் நீளக் கண்ணாடியில் உங்கள் பாதி உருவம். கோட்டின் ஓரமெல்லாம் ஈரமண், நேராகக் கல்லறையிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஒரு கையில் கோல். இன்னொரு கை வளையத்தின்மேல் இருந்தது. எதையோ உள்ளே தள்ளினீர்கள், பிறகு தட்டிக்கொடுப்பதுபோல ஒருமுறை தொட்டீர்கள்.

நான் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நமக்கு நடுவில் ஒரு பலகைதான். வில்கோ பின்னால் வந்து, "தொற ரோஸ்விதா, வெளிய எவ்வளவு குளிரு, கிழவி நிக்குறாங்க" என்றார். "தட்டட்டும்" என்றேன். "கிறுக்கா உனக்கு?" என்றார். "எல்லாத்துக்கும் நானே கேட்டேன், நானே எழுதினேன், நானே சுமந்தேன். இந்த ஒண்ணை அவங்க செய்யட்டும். ஒரு தட்டு தட்டட்டும்" என்றேன்.

நீங்கள் திரும்பிப் படியிறங்கினீர்கள். கோலை முதலில் வைத்து, பிறகு கெட்ட காலை, பிறகு நல்ல காலை. அப்போதும் நான் திறக்கவில்லை. நீங்கள் தெரு முனையில் மறைந்து வெகுநேரம் கழித்து வில்கோ என்னை விலக்கிவிட்டுத் திறந்துகொண்டு ஓடினார். அதற்குள் பேருந்து ஏறிவிட்டீர்களாம். திரும்பி வந்து அப்பத்தைத் தொடாமல் தட்டைத் தள்ளிவிட்டார். எங்கள் முதல் சண்டை உங்களால்தான்.

அவ்வளவு தூரம், அந்த இடுப்போடு, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறீர்கள். வாசல்வரை வந்து ஏன் தட்டவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். திட்டுவதென்றால் திட்டி எழுதுங்கள்.

ரோஸ்விதா


ஓல்டன்பர்க்
ஜனவரி 3

ரோஸ்விதா,

பதில் எழுதுகிறேன்.

கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கீழ்ப்பக்கம், ரோஜாப் பழங்களுக்கு நடுவில். யார் கையையாவது கிழிக்கும். அதை மடக்கி உள்ளே தள்ளினேன். மற்றபடி வளையம் நன்றாக இருந்தது. எங்கே தொடங்கினாய் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்லறையையும் பார்த்தேன். கிளைகளைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குச் சரியாகத்தான் அடுக்கியிருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பக்கத்துக் கல்லறையைப் பார்த்துச் செய்திருப்பாய். அங்கே நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன், தட்டுவது, உள்ளே போவது, என் அறையில் பெட்டியை வைப்பது என்று. பெட்டியைப் பேருந்து நிறுத்தத்துக் கடையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். இரவு தங்கும் துணிகள் இருந்தன அதில். நீ அதைப் பார்த்திருக்க முடியாது.

தட்டத்தான் கையைத் தூக்கினேன். அப்போது உள்ளே நீ சிரித்தாய். அவன் என்னத்தையோ கொட்டிவிட்டான்போல, "அய்யோ, மாவு போச்சு!" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய்.

நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் தெரியுமா? சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். இளம் பெண், சிரிக்காமல் இருப்பாயா? ஆனால் அது வேறு சிரிப்பாக இருக்கும், கொஞ்சம் குறைந்த சிரிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். என் மகனுக்குச் சிரித்தது ஒன்று, இவனுக்குச் சிரிப்பது ஒன்று, இரண்டுக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த வித்தியாசம் இருந்தால் போதும், உள்ளே வந்து அவனோடு ஒரே மேசையில் உட்காரலாம் என்று பேருந்து முழுக்க என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன்.

அதே சிரிப்புதான். மூச்சு வாங்கி, நடுவில் ஒரு விக்கலோடு, சுவரைத் தாண்டி என் அறைவரை கேட்குமே, அதேதான். ஒன்னோவுக்கென்று ஒன்றும் தனியாக இருந்ததில்லை. அது உன்னுடையது, நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தப்பே இல்லை. தப்பில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் அந்தக் கம்பியை மடக்கினேன்.

என் கட்டிலை நகர்த்திவிடு. அந்த அறையில் வெயில் நன்றாக விழும், நாளைக்குக் குழந்தை குட்டி என்று உனக்குத் தேவைப்படும். வில்கோவிடம் கோபித்துக்கொள்ளாதே, அவன் சொன்னது சரி, நீ திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் நான் உள்ளே வந்திருப்பேன், வந்து உன் சிரிப்பை நிறுத்தியிருப்பேன், நிறுத்தியதில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்திருக்கும். ஆகவே திறக்காததும் நல்லதுதான்.

பதினாறாம் தேதி வருஷம் முடிகிறது. நான் கல்லறைக்கு வருவேன், காலைப் பேருந்தில். அன்றைக்கு நீ அங்கே வராதே ரோஸ்விதா. வந்தால் அழுவாய். போன வருஷம் அழுததுபோல இருக்கிறதா, இல்லை குறைந்துவிட்டதா என்று நான் என் பிள்ளையின் தலைமாட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஃபென்னா